துக்கத்துல தனியா மலையேறப் போறவங்களுக்கு: போங்க, மாத்திரைய நிறுத்திட்டுப் போகாதீங்க

மறுபடியும் ஒரு கேஸ். வாழ்க்கைத்துணைய இழந்து தூக்கமில்லாம என்கிட்ட மன அழுத்த மாத்திரை எடுத்துட்டு இருந்தவரு (அடையாளம் தெரியாத மாதிரிதான் சொல்றேன்), வாரக்கணக்குல நீளுற ஒரு மலைப்பாதைய தனியா நடந்து முடிக்கணும்னு கிளம்பிருக்காரு, கிளம்புற அன்னைக்கே மாத்திரைய நிறுத்திட்டாரு, சில நாள்ல நிக்கவே முடியாம வழியில வந்த யாரோ கைத்தாங்கலா கீழ கூட்டிட்டு வந்திருக்காங்க. ஏங்க இப்படின்னு கேட்டா, "மருந்து இல்லாத நானா நடந்து பாக்கணும்னு தோணுச்சு டாக்டர்"ங்கறாரு.

நடக்கறதுக்கு நான் எதிரி இல்ல. தாராளமா நடங்க. எனக்குக் கடுப்பாகறது "காடே மருந்து, அப்புறம் மாத்திரை எதுக்கு"ங்கற பேச்சுதான். மன அழுத்த மாத்திரை, வலி இருந்தா போட்டு இல்லனா விடற சமாச்சாரம் இல்லங்க. மூளை வாரக்கணக்குல அதுக்குப் பழகியிருக்கும். சட்டுனு நிறுத்தினா ரெண்டு மூணு நாள்லயே தலைசுத்தல், குமட்டல், விசித்திரமான கனவு, காரணமில்லாத அழுகை, தலைக்குள்ள கரண்ட் அடிச்ச மாதிரி ஒரு வெட்டு எல்லாம் வரலாம். இந்த மாத்திரைகள்ல பராக்ஸெட்டின், வென்லாஃபாக்ஸின்னா சீக்கிரமே காட்டிடும், ஃப்ளூவாக்ஸெட்டின் உடம்புல ரொம்ப நாள் தங்கறதால லேட்டா வரும், அதை நம்பி "எனக்கு ஒண்ணும் ஆகல"ன்னு இன்னும் உள்ள போயிடுவாங்க. இதுல கொடுமை என்னன்னா, ரோட்ட விட்டு ரொம்ப தூரம் வந்த பிறகு அழுகை பொத்துக்கிட்டு வரும்போது "அடக்கி வெச்ச துக்கம் வெளிய வருது, நல்லதுதான்"னு இவங்களே ஒரு அர்த்தம் சொல்லிக்கறாங்க. துக்கமும் இருக்கும், யாரு இல்லன்னா. ஆனா பாறை விளிம்புல நிக்கும்போது தலை சுத்தறது துக்கம் இல்ல, மாத்திரை நின்னதோட விளைவு.

லித்தியம் (மனநிலை ரொம்ப ஏறி இறங்கறவங்களுக்குக் குடுக்கற மருந்து) எடுக்கறவங்க இன்னும் உஷாரா இருக்கணும். வேர்த்து உடம்புல நீர் வத்தினா ரத்தத்துல அது அளவு மீறும், முட்டி வலின்னு ஐபுப்ரோஃபென் போட்டா இன்னும் ஏறும். கை நடுங்கி, வாந்தி வந்து, குழப்பமா இருந்தா அதை களைப்புன்னு நினைச்சுப் படுத்துடாதீங்க, உடனே உதவி கேளுங்க. 2,500 மீட்டருக்கு மேல தங்கறதா இருந்தா தூக்க மாத்திரைய பத்தி முன்னாடியே கேட்டுக்கோங்க, உயரத்துல சிலது மூச்சை மந்தமாக்கும்.

துக்கம் பசியையும் தூக்கத்தையும் கவனத்தையும் தின்னுடும், நீண்ட நடைக்கு வேண்டியதும் அதே மூணுதான். பசிக்கட்டும்னு காத்திருக்காம மணி பாத்து சாப்பிடுங்க. சாயங்காலம் பாதை பிரியற இடத்துல முடிவெடுக்காதீங்க, அங்கயே டென்ட் போடுங்க. எந்த வழி, என்னைக்குத் திரும்புவீங்க, எத்தன மணிக்கு மேல தகவல் இல்லனா மீட்புக்குழுவ கூப்பிடணும்னு ஒருத்தர்கிட்ட எழுதிக் குடுங்க. தனியா இருக்கணும்னா இருங்க, ஆனா நீங்க எங்க இருக்கீங்கன்னு யாருக்கும் தெரியாம இருக்காதீங்க. போன் சிக்னல் இல்லாத இடத்துக்கு 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கன் (ஆபத்துல அமுக்கினா சாட்டிலைட் வழியா நீங்க இருக்கற இடத்தை மீட்புக்குழுவுக்குச் சொல்ற சின்னக் கருவி) வாங்கி, உங்க பேர்ல ரிஜிஸ்டரும் பண்ணிடுங்க, பண்ணாம பைக்குள்ள போட்டுட்டுப் போறவங்க நிறைய.

ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேக்கறேன். "அவங்க போன இடத்துக்கே போயிடலாம்"னு மனசுல ஓடிட்டு இருந்தா இந்தப் பயணம் இப்ப வேணாம். இன்னைக்கே யார்கிட்டயாவது வாய்விட்டு சொல்லுங்க, எங்க கிட்ட வாங்க.

மத்தவங்க, மாத்திரைய நிறுத்தியே ஆகணும்னா பயணத்துக்கு பல வாரம் முன்னாடியே வந்து பேசுங்க, கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு, வீட்ல இருந்தபடியே எப்படி இருக்கீங்கன்னு பாத்துட்டு அப்புறம் பையைக் கட்டுங்க.