பெட்டியைப் பிரித்த மறுநாளே பறக்கவிடாதீர்கள்

ஆர்சி விமானங்களை, அதாவது ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானங்களைப் பொருத்திக் கொடுப்பதும், விழுந்து நொறுங்கியதை ஒட்டித் தருவதும் என் பிழைப்பு. உடைந்து வருவதைப் பிரித்துப் பார்த்தால், காற்றையும் ஓட்டியவரையும் விட, மேசையில் விட்டுப்போன வேலைதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். முக்கால்வாசி வேலை முடிந்து வரும் பால்சா (லேசான மரம்) கிட் என்றால் கேட்கவே வேண்டாம். சனிக்கிழமை ராத்திரி பசை போட்டுவிட்டு ஞாயிறு காலை மைதானத்தில் நிற்பார்கள்.

முதலில் வால். கிடைவால் உடலோடு ஒட்டும் இடத்தில் மேலுறை ஃபிலிமை உரித்தாக வேண்டும், இல்லையென்றால் எபாக்சி பசை ஃபிலிமைத்தான் பிடிக்கும், மரத்தை அல்ல. உரிக்கிறேன் என்று பிளேடை அழுத்தி இழுத்தால் ஃபிலிமோடு பால்சாவும் கீறிவிடும்; மெல்லிய பலகை அது, முதல் டைவிலிருந்து மேலே எடுக்கும்போது அந்தக் கீறல் வழியாகவே மடங்கும், அதுவரை யார் கண்ணுக்கும் தெரியாது. சால்டரிங் அயர்ன் முனையை லேசாக ஓட்டுங்கள், ஃபிலிம் உருகிப் பிரியும், மரம் தப்பிக்கும். மோட்டார் உட்காரும் பிளைவுட் தடுப்பையும் கம்பெனி ஒட்டியதுதானே என்று விட்டுவிடாதீர்கள். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்து, மூலைகளில் 30 நிமிட எபாக்சியை இழுத்துவிடுங்கள்.

அப்புறம் பேலன்ஸ், அதாவது சிஜி, விமானத்தின் எடை சமமாக நிற்கும் புள்ளி. மேனுவலில் போட்டிருக்கும் இடம்தான் கணக்கு. பழகுபவர்களுக்கான சாதாரண ட்ரெய்னரில் அது இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் (முன்விளிம்பு முதல் பின்விளிம்பு வரை) 25 முதல் 30 சதவீதத்துக்குள் வரும், 20 செ.மீ. அகல இறக்கைக்கு 5, 6 செ.மீ. பேட்டரியை உள்ளே வைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். மூக்கு கனத்தால் மந்தமாகப் பறக்கும், வேகமாக வந்து இறங்கும், அவ்வளவுதான். வால் கனத்தால், மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடிப்பான எலிவேட்டரைத் தொட்டாலே மூக்கு எகிறி, வேகம் செத்து, சுழன்று விழும். ஈயம் ஒட்டுவதற்கு முன் பேட்டரியை முன்னால் நகர்த்திப் பாருங்கள்.

ஐலரான், அதாவது இறக்கையின் பின்விளிம்பில் விமானத்தைச் சாய்க்கும் மடிப்பு, தலைகீழாக வேலை செய்வதை இன்னமும் மாதாமாதம் பார்க்கிறேன். விமானத்துக்குப் பின்னால் நின்று ஸ்டிக்கை வலது பக்கம் தள்ளினால் வலது ஐலரான் மேலே போக வேண்டும், இடது கீழே. எதிரே நின்று பார்த்தால் குழம்பும்.

இனி, “கொஞ்சம் பவர் ஏத்தலாம்” கூட்டம். மூணு செல் லைப்போ பேட்டரியை எடுத்துவிட்டு நாலு செல் போடுகிறார்கள், ப்ரொபெல்லரை மாற்றுவதில்லை. ஃபுல் சார்ஜில் 12.6 வோல்ட் இருந்தது 16.8 ஆகிறது. வோல்ட் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது, ஆனால் அதே ப்ரொபெல்லருக்கு ஆம்பியர் ஏறக்குறைய அதன் வர்க்கக் கணக்கில் ஏறும்: முன்பு 22 ஆம்பியர் இழுத்தது இப்போது 40-ஐ நெருங்கும். உள்ளே இருப்பதோ 30 ஆம்பியர் ஈஎஸ்சி, மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட். கிட்டில் வரும் ஈஎஸ்சிதான் பெரும்பாலும் ரிசீவருக்கும், எலிவேட்டரையும் ஐலரானையும் அசைக்கும் சர்வோக்களுக்கும் 5 வோல்ட் கொடுக்கிறது, அது கருகினால் மோட்டாரோடு எலிவேட்டரும் சேர்ந்து போய்விடும், கையில் இருக்கும் டிரான்ஸ்மிட்டர் வெறும் பெட்டி. மாற்றியே தீருவேன் என்றால் ப்ரொபெல்லரைச் சின்னதாக்கி, வாட்மீட்டர் வைத்து அளந்துவிட்டுப் பறக்கவிடுங்கள். என்னைக் கேட்டால் ட்ரெய்னருக்கு அந்த வேகமே தேவையில்லை.

பேட்டரிக்கு ஒரு வரிதான்: 2200 எம்ஏஹெச் என்றால் 2.2 ஆம்பியரில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும் சார்ஜ், உப்பியதை மறுபடி சார்ஜில் போடவே கூடாது.

மேசையில் இருக்கும்வரை ப்ரொபெல்லர் கழற்றியே இருக்கட்டும். விரல் நரம்பு அறுந்தவர்கள் பெரும்பாலும் வீட்டுக்குள் ‘சும்மா செக் பண்ணியவர்கள்’தான். ஃபெயில்சேஃப் (சிக்னல் அறுந்தால் மோட்டார் தானே நிற்பது) சோதனையும் ப்ரொபெல்லர் இல்லாமல்தான்: மோட்டாரை மெதுவாக ஓடவிட்டு டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள், மோட்டார் நிற்க வேண்டும். நிற்கவில்லையா, மேனுவலை எடுத்து திராட்டிலை பூஜ்யத்துக்கு செட் பண்ணிவிட்டு மறுபடி பாருங்கள். அது சரியாகும்வரை மைதானம் கிடையாது.