பிளே-ஆஃப்: ஆடித் தீர்ப்பது

பிளே-ஆஃப் என்ற சொல்லை நம் விளையாட்டுப் பக்கங்கள் அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டன. 'பிளே-ஆஃப் சுற்றுக்கு முன்னேறியது' என்று படித்தால் யாரும் அகராதியைத் தேடுவதில்லை. ஆனால் அந்த 'ஆஃப்' அங்கே என்ன செய்கிறது என்று கேட்டால் பலரும் 'வெளியே போவது' என்பார்கள். தோற்றவர் வெளியேறுகிறார் அல்லவா, அதனால் ஆஃப் என்று ஒரு விளக்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சரியில்லை.

ஆங்கில வினைகளோடு ஒட்டிக்கொள்ளும் 'ஆஃப்' பல வேலைகள் பார்க்கும். கிக்-ஆஃப், ஃபேஸ்-ஆஃப் போன்றவற்றில் அது ஒன்றைத் தொடங்கிவைக்கும். பே ஆஃப், ஃபினிஷ் ஆஃப் என்னும்போது நேர் எதிர், பாக்கி இல்லாமல் முடித்துவைக்கும். பிளே-ஆஃப் இந்தப் பின்வகை. இரண்டு அணிகள் சமமாக நிற்கின்றன, யார் மேல் என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. அந்தப் பாக்கியை இன்னோர் ஆட்டம் ஆடி முடித்துக்கொள்வதுதான் இந்தச் சொல்லின் முதல் பொருள். வினையாக முன்பே இருந்தது, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெயர்ச்சொல்லாகவும் புழங்கத் தொடங்கியது. 'சண்டை எதற்கு, பேசித் தீர்த்துக்கொள்ளலாம்' என்கிறோமே, அந்தத் 'தீர்' செய்யும் வேலையைத்தான் இந்த 'ஆஃப்' செய்கிறது. பே ஆஃப் என்றால் கட்டித் தீர்ப்பது, பிளே ஆஃப் என்றால் ஆடித் தீர்ப்பது.

இந்தப் பழைய பொருளை அப்படியே காட்டும் நிகழ்ச்சி ஒன்று ஹாக்கியில் இருக்கிறது. ஹாக்கி என்று இங்கே நான் சொல்வது கனடாவிலும் அமெரிக்காவிலும் பனித்தளத்தில் ஸ்கேட் கட்டிக்கொண்டு ஆடுவதை. அங்கே வெறும் ஹாக்கி என்றாலே அதுதான், புல்தரை ஆட்டத்துக்குத்தான் அடைமொழி வேண்டும். (நம்மிடம் உள்ள 'வளைகோல் பந்தாட்டம்' இதற்குப் பொருந்தாது. இவர்கள் அடிப்பது பந்தே அல்ல, 'பக்' எனப்படும் கெட்டியான ரப்பர் வட்டு.) கனடாவின் தலைமை ஆளுநராக இருந்த ஸ்டான்லி பிரபு 1892-இல் ஒரு கோப்பையை அறிவித்தார், 1893-இல் முதல்முறை கொடுத்தார்கள். மறு ஆண்டே சிக்கல். கனடா அமெச்சூர் ஹாக்கி சங்கத்தில் இருந்த ஐந்து அணிகளில் நான்கு, 5 வெற்றி 3 தோல்வி என்று சமமாக வந்து நின்றன. எங்கே ஆடுவது என்ற தகராறில் கியூபெக் விலகிக்கொண்டது. 1894 மார்ச் 17 அன்று மான்ட்ரியால் அணி, அதே ஊரின் விக்டோரியாஸை 3-2 என்று வென்றது. ஐந்து நாள் கழித்து ஒட்டாவாவையும் 3-1 என்று வென்று கோப்பையை எடுத்துக்கொண்டது. சொல்லுக்கு நூற்றுக்கு நூறு பொருந்தும் பிளே-ஆஃப் அது. சமநிலை இருந்தது, ஆடினார்கள், தீர்ந்தது.

அப்புறம் பொருள் நகர ஆரம்பித்தது. இன்றைய தேசிய ஹாக்கி லீக்கில், அதாவது என்ஹெச்எல்லில், 32 அணிகள். பருவம் முழுக்க ஆளுக்கு 82 ஆட்டம் என்பது நெடுநாள் வழக்கம். புள்ளிப் பட்டியலில் ஓர் அணி 20 புள்ளி முன்னால் நின்றாலும் பிளே-ஆஃப் நடந்தே தீரும். தீர்ப்பதற்குச் சமநிலை எதுவும் இல்லை, ஆனாலும் தீர்க்கிறார்கள்! 16 அணிகள் உள்ளே வருகின்றன, நான்கு சுற்றுகள், ஒவ்வொரு சுற்றிலும் ஏழு ஆட்டங்களில் நான்கை வென்றவர் மேலே போகலாம். ஆக மொத்தம் 16 வெற்றி. 1980-களில் இன்னும் வேடிக்கை: இருந்ததே 21 அணிகள், அதில் 16 தகுதி பெறும். வெளியே நிற்பதற்குத்தான் அன்று தனித்திறமை வேண்டியிருந்தது.

பட்டியலில் முதலிடம் பிடிக்கும் அணிக்கு பிரசிடென்ட்ஸ் டிராஃபி என்று ஒரு பரிசு 1985-86 பருவம் முதல் இருக்கிறது. அதை யாரும் பெரிதாகக் கொண்டாடுவதில்லை. ஏன் என்பதற்கு இரண்டு பெயர் போதும். 2018-19-இல் டாம்பா பே லைட்னிங் 62 ஆட்டம் வென்று 128 புள்ளி எடுத்தது. முதல் சுற்றில் கொலம்பஸ் புளூ ஜாக்கெட்ஸிடம் நான்குக்கு நான்கும் தோற்றது. 2022-23-இல் பாஸ்டன் புரூயின்ஸ் 65 வெற்றி, 135 புள்ளி, இரண்டுமே லீக் சாதனை. முதல் சுற்றில் எதிரே வந்த புளோரிடா பாந்தர்ஸ் எடுத்திருந்தது 92. தொடரில் பாஸ்டன் 3-1 என்று முன்னிலையில் இருந்தது. ஏழாவது ஆட்டத்தில் கூட ஒரு நிமிடம் மிச்சம் இருக்கும்வரை 3-2 என்று முன்னால்தான் இருந்தது. அந்தக் கடைசி நிமிடத்தில் சமன், கூடுதல் நேரத்தில் தோல்வி.

இதைப் பார்த்து 'அழுத்தம் தாங்கவில்லை, மனவலிமை போதவில்லை' என்று எழுதுவது எளிது. எனக்கு அந்த விளக்கத்தில் பெரிய நம்பிக்கை இல்லை. சொல்லையே கவனித்தால் பாதி விடை கிடைக்கும் என்பது என் எண்ணம். 82 ஆட்டப் பருவம் என்பது சேர்ப்பது. வென்றால் இரண்டு புள்ளி, கூடுதல் நேரத்தில் தோற்றால்கூட ஒரு புள்ளி. இன்று ஓர் ஊர், நாளை மறுநாள் வேறோர் எதிரணி. ஒருவரிடம் விட்டதை இன்னொருவரிடம் பிடிக்கலாம். பிளே-ஆஃப் என்பது தீர்ப்பது. எதிரே நிற்பது ஒரே அணி, ஆறுதல் புள்ளி கிடையாது. சேர்ப்பதற்கென்று கட்டிய அணி, தீர்ப்பதற்கும் உதவும் என்று எழுதிவைத்திருக்கவில்லை.

ஒரே அணியோடு திரும்பத் திரும்ப ஆடும்போது என்ன ஆகிறது? பருவத்தின் நடுவில் எதிரணியின் பழக்கங்களை ஆராய ஒரு நாளுக்கு மேல் கிடைப்பது அரிது. இங்கே இரண்டு வாரம் அதே வேலைதான். மூன்றாவது ஆட்டத்துக்குள், எதிரணி நட்சத்திரம் எந்த மூலையிலிருந்து அடிப்பார், பக்கை எந்தப் பக்கம் தள்ளினால் தடுமாறுவார் என்பதெல்லாம் மனப்பாடம் ஆகிவிடும். அதோடு 'கடைசி மாற்றம்' என்று ஒரு விதி இருக்கிறது. ஹாக்கியில் வீரர்கள் முக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை மாறி மாறித் தளத்துக்குள் வருவார்கள். ஆட்டம் நின்ற நேரத்தில் விருந்தாளி அணி முதலில் ஆட்களை இறக்க வேண்டும், அதைப் பார்த்துவிட்டு வீட்டு அணி இறக்கலாம். உங்கள் சிறந்த தாக்குதல் வரிசை (சேர்ந்தே இறங்கும் மூன்று தாக்குதல் வீரர்கள்) வந்தால் என் சிறந்த தடுப்பு இணையைச் சரியாக எதிரே நிறுத்துவேன். சொந்தத் தளத்தின் ஆதாயம் என்பது கைதட்டல் மட்டுமல்ல, இந்த உரிமையும்தான். ஒரே வரிசையை நம்பிய அணி அங்கே மூச்சுத் திணறும். மூன்றாவது, நான்காவது வரிசை கோல் அடிக்கத் தெரிந்த அணி தப்பிக்கும்.

டாம்பா பே கதையின் அடுத்த பாகத்தை அதனால்தான் பெரிதாக மதிக்கிறேன். 2019 அவமானத்துக்குப் பிறகு அவர்கள் பயிற்சியாளர் ஜான் கூப்பரைத் துரத்தவில்லை, நட்சத்திரங்களை விற்கவும் இல்லை. 2020 பிப்ரவரியில் பிளேக் கோல்மன், பார்க்ளே குட்ரோ என்று இருவரைக் கொண்டுவந்தார்கள். இருவரும் கோல் பட்டியலில் மின்னுகிறவர்கள் அல்லர். முட்டி மோதி பக்கைப் பறித்து, எதிரணியின் நல்ல வரிசையைச் சலிக்கவைக்கும் ரகம். இதற்கா இவ்வளவு விலை என்று அப்போது கேட்டவர்களும் உண்டு. அந்த ஆண்டு முதல் சுற்றில் எதிரே வந்தது யார் தெரியுமா? அதே கொலம்பஸ். முதல் ஆட்டம் ஐந்து கூடுதல் பகுதிகள் வரை இழுத்தது, பிரேடன் பாயின்ட் கோல் போட்டு 3-2 என்று முடித்தார். தொடரை 4-1 என்று வென்றார்கள், கோப்பையையும் வென்றார்கள், 2021-இல் மறுபடியும் வென்றார்கள். முந்தைய ஆண்டின் கணக்கை ஆடித் தீர்த்தார்கள் என்று எழுதினால் அது வெறும் அலங்காரம் ஆகாது, சொல்லின் நேர்ப்பொருளே அதுதான்.

கோல்காப்பாளரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 2019-இல் டாம்பாவைத் தடுத்த கொலம்பஸ் கோல்காப்பாளர் செர்கெய் போப்ரோவ்ஸ்கி. 2023-இல் பாஸ்டனை வீழ்த்திய கடைசி மூன்று ஆட்டங்களில் புளோரிடாவின் கோலில் நின்றவரும் அவரே. 2024, 2025 என அடுத்தடுத்து புளோரிடா கோப்பை வென்றபோதும் அவரே. 2012-இல் லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் மேற்குப் பிரிவில் எட்டாவதாக, அதாவது கடைசி இடத்தில் நுழைந்து கோப்பை வென்றது. பருவம் முழுக்க கோல் அடிப்பதில் கிட்டத்தட்ட லீக்கின் கடைசி அணி அது. ஆனால் அவர்களின் கோலில் ஜோனதன் குவிக் நின்றார். அந்த பிளே-ஆஃபில் அவரை நோக்கி வந்த அடிகளில் 94.6 விழுக்காட்டைத் தடுத்தார்.

எதிர்ப்பக்கத்தில் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ். கடைசியாகக் கோப்பை வென்றது 1967-இல். 2018, 2019, 2021, 2022, 2024, 2025 என்று ஆறு முறை ஏழாவது ஆட்டம் வரை போய்த் தோற்றிருக்கிறது. இதில் 2018-ஐ விட்டுவிட்டால், மீதி ஐந்து ஏழாவது ஆட்டங்களிலும் அது அடித்தது ஆட்டத்துக்கு ஒரே ஒரு கோல். பருவத்தில் கோல் மழை பொழிகிற அணி! ஒரே வரிசையில் திறமையைக் குவித்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

அதிர்ஷ்டமும் உண்டு, அதை மறைப்பதில் பயனில்லை. ஓர் அணி ஆட்டத்துக்குச் சுமார் 30 முறை கோலை நோக்கி அடிக்கிறது, மூன்று உள்ளே போனால் சரியான நாள். ஒரு வட்டு யாருடைய முழங்காலிலோ பட்டுத் திரும்பினால் கதை மாறிவிடும். ஒவ்வோர் ஆட்டத்திலும் 55 விழுக்காடு வெல்லும் வாய்ப்புள்ள அணி, ஏழு ஆட்டத் தொடரை வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 61 விழுக்காடுதான். நான்கு சுற்றும் அப்படியே தாண்ட வேண்டுமென்றால் 14-க்கு இறங்கிவிடும். அதனால் முதலிட அணி தோற்றதும் 'தோல்வி அணி' என்று முத்திரை குத்துகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'தகுதிச் சுற்று' என்று எழுதுவதைப் பார்க்கிறேன். அது தவறு, தகுதி பெற்ற பிறகுதான் பிளே-ஆஃபே வரும். 'வெளியேற்றச் சுற்று' நாக்-அவுட்டுக்குப் பொருந்தும். அங்கே ஒரு தோல்வி போதும், வீட்டுக்குப் போகலாம். ஹாக்கி பிளே-ஆஃப் மூன்று தோல்விகளை மன்னிக்கிறது. 'இறுதிச் சுற்று' என்றால் அது ஃபைனலோடு குழம்பும். நான் பயன்படுத்துவது 'தீர்வாட்டம்', முழுக் கட்டத்தையும் சொல்ல 'தீர்வுச் சுற்றுகள்'. கணக்குத் தீர்ப்பது, கடன் தீர்ப்பது, தீர்ப்பு, தீர்மானம் என்று அந்த வேர் நம் நாக்கில் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக எதையும் கற்க வேண்டாம். 'டொராண்டோ தீர்வாட்டத்துக்குத் தகுதி பெற்றது', 'தீர்வுச் சுற்றின் முதல் தொடர்' என்றெல்லாம் எழுதிப் பாருங்கள், இடறவில்லை. வினையாக வேண்டுமென்றால் 'ஆடித் தீர்' இருக்கவே இருக்கிறது.

சுருக்குகிறேன் என்று 'தீராட்டம்' ஆக்கிவிடக் கூடாது. அது தீராத ஆட்டம் என்று நேர் எதிராகப் போய்விடும். பருவத்தில் கூடுதல் நேரம் ஐந்து நிமிடம்தான், பிறகு பெனால்டி போன்ற ஷூட்-அவுட்டில் முடித்துவிடுவார்கள். தீர்வாட்டத்தில் அந்தக் குறுக்குவழி இல்லை, கோல் விழும்வரை இருபது இருபது நிமிடமாக ஆட வேண்டியதுதான். 1936 மார்ச்சில் டெட்ராய்ட் ரெட் விங்ஸும் மான்ட்ரியால் மரூன்ஸும் கோல் இல்லாமல் ஆறாவது கூடுதல் பகுதிவரை போனார்கள். மட் புருனெட்டோ அந்த ஒரே கோலை அடித்தபோது மணி அதிகாலை இரண்டைத் தாண்டிவிட்டது. அந்த ஒரு ராத்திரிக்கு மட்டும் தீராட்டம் என்ற பெயரைக் கொடுத்துவிடலாம்.

ஹாக்கி வீரர்கள் இந்தச் சொல்லின் பொருளைத் தளத்திலேயே காட்டும் ஒரு வழக்கமும் உண்டு. தொடர் நடக்கும்போது ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் இரு அணிகளும் முகம் கொடுக்காமல் அவரவர் அறைக்குப் போய்விடும். நாலாவது வெற்றி விழுந்த இரவில் மட்டும் யாரும் போவதில்லை. நேற்றுவரை பலகைச் சுவரில் மோதி நசுக்கியவரும் நசுங்கியவரும் பனியின் நடுவில் வரிசையாக நின்று, ஒருவர் விடாமல் கைகுலுக்குவார்கள்.