கரண்ட் போன இரவில் விருந்தினர்

சின்ன விடுதிகளில் பாதுகாப்புச் சோதனை செய்வது என் வேலை. மழைக்காலத்துக்கு முன்னால் போகும்போது உரிமையாளரிடம் ஒரு கேள்வி கேட்பேன். "நேற்றுதான் வந்த ஒருவர், ராத்திரி இரண்டு மணிக்கு, விளக்கே இல்லாமல் மாடி அறையிலிருந்து வாசலுக்கு வந்துவிடுவாரா?"

"வரலாமே, நேர் வழிதானே" என்பார்கள். பல வருடம் அங்கேயே நடந்து பழகிய காலுக்கு அது நேர் வழிதான். ஐந்தாவது படி மற்றவற்றைவிட உயரம் என்பது அந்தக் காலுக்குத் தெரியும். விருந்தினருக்குத் தெரியாது.

ஒரு விடுதியில் ஜெனரேட்டரை மாடிப்படிக்கு அடியில் வைத்திருந்தார்கள். மழையில் நனையக்கூடாதாம். அதற்கு மேலே இரண்டு அறைகள். "ஜன்னலைத் திறந்துதான் சார் வைப்போம்" என்றார் உரிமையாளர். ஜன்னல் போதாது. ஜெனரேட்டர் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. விழித்திருப்பவருக்குத் தலைவலி, மயக்கம், குமட்டல் வரும். உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொள்வார். தூங்குபவருக்கு அதுவும் தெரியாது, எழுந்திருக்காமலே போய்விடலாம். ஜெனரேட்டர் வெளியில்தான் இருக்க வேண்டும், கதவு ஜன்னல்களிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைக்குழாய் கட்டடத்துக்கு எதிர்ப்பக்கம் பார்த்தபடி. நனையாமலிருக்க, நாலு பக்கமும் திறந்த ஒரு கூரை போதும். அறைகள் இருக்கும் தளத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் மாட்டுங்கள். குளிர்காலத்தில் அறைக்குள் கரி அடுப்பு வைப்பவர்களுக்கும் இதே ஆபத்துதான்.

அடுத்தது மொட்டை மாடி. மழைநீர்க் குழாயின் வாயை ஒரு பாலிதீன் பை அடைத்தால் போதும். ஒரு சதுர மீட்டரில் 10 சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினால் எடை 100 கிலோ. 5 மீட்டருக்கு 4 மீட்டர் அறை என்றால் தலைக்கு மேலே 2 டன். சீசனுக்கு முன்னால் எல்லோரும் சுத்தம் செய்துவிடுகிறார்கள், சரி. முதல் மழை முடிந்த மறுநாள் யாரும் ஏறிப் பார்ப்பதில்லை. மாடியில் கிடக்கும் சருகையெல்லாம் அடித்துக்கொண்டுபோய்க் குழாய் வாயில் சேர்ப்பதே அந்த மழைதான்.

மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கருவி இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்க்கிறீர்களா? கீழ்த்தளத்தில் தண்ணீர் நுழையப்போகிறது என்று தெரிந்ததும் மெயினை அணைத்துவிடுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு சுவிட்சைத் தொடக்கூடாது.

விருந்தினரோடு பேசுவதுதான் பலருக்குக் கூச்சம். வாசலில் வெள்ளம் ஓடுகிறது, அவர் காரை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன் என்கிறார். எப்படித் தடுப்பது? ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே பெரிய ஆளின் காலையும் வாரிவிடும். 30 சென்டிமீட்டரில் சின்னக் கார்கள் மிதக்க ஆரம்பித்துவிடும். இதைச் சொல்லுங்கள். கூடவே, இன்று ராத்திரி தங்குவதற்கு வாடகை வேண்டாம் என்றும் சொல்லுங்கள். இரண்டாவது வாக்கியத்துக்குத்தான் பெரும்பாலும் பலன் இருக்கிறது, என் அனுபவத்தில்.

வெயில் காலத்தில் வயதானவர்களுக்கு மேல்தள அறையைக் கொடுக்காதீர்கள். அறை வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் மின்விசிறி அனல்காற்றைத்தான் வீசும்.

சீசன் இல்லாமல் சில வாரம் பூட்டிக்கிடந்த அறையா? குழாயில் தேங்கிய தண்ணீரில், 20 முதல் 45 டிகிரி சூட்டில், லெஜியோனெல்லா என்ற கிருமி பெருகும். ஷவரிலிருந்து தெறிக்கும் நுண்துளிகளோடு நுரையீரலுக்குள் போய் நிமோனியாவைக் கொண்டுவரும். ஆள் வருவதற்கு முன்னால் எல்லாக் குழாய்களையும் சில நிமிடம் திறந்து ஓடவிடுங்கள். ஷவரை மட்டும் துளி தெறிக்காதபடி மெதுவாக. வெந்நீர்த் தொட்டி 60 டிகிரியில் இருக்கட்டும்.

அப்புறம், எந்த அறையில் எத்தனை பேர் என்பதைத் தினமும் சாயங்காலம் ஒரு தாளில் எழுதி வையுங்கள். கரண்ட் போனால் கம்ப்யூட்டரில் இருக்கும் பட்டியலை யார் பார்ப்பது?

அந்த ஜெனரேட்டர்காரர் விடுதிக்கு மறுபடி போயிருந்தேன். ஜெனரேட்டர் பின்பக்கம் தள்ளிப் போயிருந்தது. ஐந்தாவது படியின் விளிம்பில் இருட்டிலும் தெரியும்படி ஒளிரும் பட்டை ஒட்டியிருந்தார். "நானே ஒருநாள் விளக்கை அணைத்துவிட்டு இறங்கிப் பார்த்தேன் சார்" என்றார்.