த்ரூஃபால் என்பது மரத்தடி மழை

மழை விட்டும் தூவானம் விடவில்லை என்போம். மரத்தடியில் ஒதுங்கியவருக்கு அது இன்னும் நீளும். வானம் வெளுத்த பிறகும் கிளையிலிருந்து ஒரு சொட்டு சரியாகப் பிடரியில் விழும். அந்தச் சொட்டுக்குக் காட்டு நீரியலில் பெயர் ‘த்ரூஃபால்’. த்ரூ என்றால் ஊடாக, ஃபால் என்றால் விழுவது. இலைதழைகளைக் கடந்து தரைக்கு வரும் மழைநீர் முழுவதும் இதில் அடங்கும். அடிமரத்தில் வழிந்து இறங்குவது மட்டும் சேராது, அது ‘ஸ்டெம்ஃப்ளோ’.

சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘ஊடுவீழ்வு’ என்று வைக்கலாம்தான், ஆனால் அதைப் படிக்கும் யாருக்கும் மழை ஞாபகம் வராது. ஜெர்மன்காரர்கள் ‘க்ரோனன்ட்ராவ்ஃப’ என்கிறார்கள். ட்ராவ்ஃப என்பது கூரைத் தண்ணீர் சொட்டும் விளிம்பு, நம்முடைய இறவாரம். மரமுடியின் இறவாரம்! ‘இலைச்சொட்டு’ என்ற சொல் எனக்குப் பிடிக்கும். ஆனால் இலையில் படாமல் இடுக்கு வழியே நேராக விழுவதும் த்ரூஃபால்தான். ஆகவே ‘மரத்தடி மழை’ என்பதே பொருந்துகிறது. ஸ்டெம்ஃப்ளோவுக்குத் ‘தண்டொழுக்கு’ போதும். கூரை ஒழுகுகிறது என்கிறோமே, அதே ஒழுக்கு.

சரி, இதற்கென்று தனிப்பெயர் எதற்கு? வெளியில் பெய்யும் மழையும் மரத்தடி மழையும் ஒரே தண்ணீர் அல்ல. காற்றிலுள்ள கரியமில வாயு கரைவதாலேயே மாசில்லாத மழையின் பிஎச் (அமிலத்தைக் காட்டும் எண், அது குறையக் குறைய அமிலம் கூடும்) ஏறக்குறைய 5.6 இருக்கும். அகன்ற இலை மரங்களின் அடியில் பெரும்பாலும் அமிலம் குறையும். அமிலத்துக்குக் காரணமான ஹைட்ரஜன் அயனியை இலை பிடித்துக்கொண்டு பொட்டாசியம், கால்சியத்தை விட்டுக்கொடுக்கிறது. மாசுபட்ட ஊரின் ஊசியிலைக் காட்டில் கதை தலைகீழ். ஜெர்மனியின் சோல்லிங் மலைக்காட்டில் 1960களின் பிற்பகுதியில் தொடங்கிய ஆய்வில், மண்ணியல் அறிஞர் பெர்ன்ஹார்ட் உல்ரிச் குழுவினர் ஸ்ப்ரூஸ் மரங்களின் அடியில் வெளி மழையைவிட அதிக அமிலத்தைக் கண்டார்கள். குளிர்காலத்திலும் உதிராத ஊசியிலைகள் மூடுபனியிலும் காற்றிலும் உள்ள கந்தகத்தை வடிகட்டிச் சேர்த்து வைக்கின்றன. அடுத்த மழை அதைக் கழுவி இறக்குகிறது.

அளக்கும்போது ஒரு பொறி உண்டு. பிஎச் மடக்கை அளவு, ஓர் எண் இறங்கினால் அமிலம் பத்து மடங்கு. இரு புட்டிகளில் சம அளவு நீர், ஒன்றில் 4, இன்னொன்றில் 6 என்றால் சராசரி 5 என்று எழுதிவிடக் கூடாது. ஹைட்ரஜன் அயனிச் செறிவைச் சராசரி பார்த்தால் 4.3தான் வரும். மரத்துக்கு மரம், கிளைக்குக் கிளை சொட்டு மாறும் என்பதால் நீரைப் புட்டியில் பிடிக்க ஒரு புனல் போதாது, பல வைக்க வேண்டும். புனலின் வாயில் வலை கட்டி இலை விழாமல் தடுக்கலாம். பறவை எச்சம் வலைக்கு நிற்காது. அது விழுந்துவிட்டால் அந்தப் புட்டியைக் கொட்டிவிட்டு அடுத்த மழைக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.