அறிவுரையாக மாறிவிடும் மேற்கோள்கள்

மனநல ஆலோசனைக்கு வருபவர்களில் பலர், யாரோ தங்களுக்குச் சொன்ன ஒரு மேற்கோளையும் மனதில் சுமந்துகொண்டுதான் வருகிறார்கள். நான் அதிகம் கேட்பது ‘தீதும் நன்றும் பிறர்தர வாரா’. அடிக்கும் கணவனைப் பற்றியோ அவமானப்படுத்தும் மேலதிகாரியைப் பற்றியோ வாய் திறந்தவுடன், யாராவது இதை எடுத்துவிடுகிறார்கள். ‘எல்லாம் உன்னால்தான்’ என்பதைக் கொஞ்சம் இலக்கியமாகச் சொல்லிவிடுவது, அவ்வளவுதான்.

புறநானூற்றின் 192ஆம் பாடலில் கணியன் பூங்குன்றனார் இதையா சொன்னார்? 13 வரிப் பாடலில் நாம் முதல் இரண்டு வரியோடு நின்றுவிடுகிறோம். மீதியில் அவர் பேசுவது, தாங்கள் வாழ்வை எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பதைத்தான். இனிது என்று மகிழ்வதும் இல்லை, இன்னாதது என்று வெறுப்பதும் இல்லை. பேராற்று நீரின் போக்கில் போகும் புணை போல உயிரும் அதன் முறைப்படி போகிறது. ஆகவே பெரியோரை வியப்பதில்லை, ‘சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே’. பாட்டு முடிவது இந்த இடத்தில். எவரையும் இகழமாட்டோம் என்று முடிகிற பாட்டிலிருந்து ஒரு வரியை உருவி, அடிபட்டவரையே குற்றவாளி ஆக்குகிறோம். எனக்குக் கோபம்தான் வருகிறது.

‘என்னைக் கொல்லாதது என்னை வலிமையாக்கும்’ என்பதற்கும் இதே கதி. ஜெர்மானியத் தத்துவஞானி நீட்சே 1888இல் எழுதியது. கடுமையான தலைவலியோடும் பார்வைக் கோளாறோடும் பல ஆண்டுகள் போராடியவர், உடல்நலக் குறைவால் 1879இலேயே பேராசிரியர் வேலையை விட்டவர், தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டது. அடுத்த ஜனவரியில் அவர் மனம் நிலைகுலைந்தது, பிறகு மீளவே இல்லை. இன்று அதை நாம் அடுத்தவருக்குச் சொல்கிறோம். கொடிய அனுபவத்துக்குப் பிறகு உறுதியாகிறவர்கள் இருக்கிறார்கள்தான். தூக்கம் கெட்டு, பதற்றம் தணியாமல், அன்றாட வேலைகூடச் செய்ய முடியாமல் போகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டாவது வகையினரிடம் அந்த வாக்கியம், ‘நீ ஏன் இன்னும் வலிமையாகவில்லை?’ என்ற கேள்வியாகவே போய்ச் சேருகிறது.

‘இன்னாசெய் தாரை ஒறுத்தல்’ குறளைச் சொல்லிப் புகாரை வாபஸ் வாங்க வைப்பதும் நடக்கிறது. மன்னிப்பதா வேண்டாமா என்பது பாதிக்கப்பட்டவரின் முடிவு. கொடியவர்களை வேந்தன் தண்டிப்பது பயிருக்குக் களை எடுப்பதற்குச் சமம் என்று 550ஆம் குறளில் சொன்னவரும் அதே வள்ளுவர்தான். சமரசம் பேச வருகிறவர்களுக்கு அது மட்டும் நினைவுக்கு வருவதில்லை!

இதே வரிகளை ஒருவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தெம்பு பெற்றால் நான் தடுப்பதில்லை. அது அவர் தேடிக்கொண்ட துணை. அடுத்தவர் வாயிலிருந்து, அதுவும் பேச்சின் நடுவில் வரும்போதுதான் சிக்கல். சொல்பவருக்கு ஆறுதல் கூறிவிட்ட நிம்மதி. கேட்பவருக்கோ மேற்கொண்டு பேச வழியில்லை.

உங்களிடம் ஒருவர் மனம் திறக்கும்போது பொன்மொழி நாக்கு நுனிக்கு வந்தால் அப்படியே விழுங்கிவிடுங்கள். ‘எப்போதிலிருந்து இப்படி நடக்கிறது?’ என்று கேளுங்கள். அடியோ மிரட்டலோ இருப்பதாகத் தெரிந்தால், இன்றிரவு பாதுகாப்பாக இருக்க இடம் இருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள்.