பிளாட்பாரத்தில் தூங்குபவருக்கு ஒரு கையேடு: முதல் பக்கத்தில் என்ன எழுத வேண்டும்?

சென்னையில் தெருவோரம் தூங்குபவர்களுக்காகச் சட்டைப் பைக்குள் அடங்கும் ஒரு சின்னக் கையேடு போடலாம் என்று நாங்கள் சில பேர் உட்கார்ந்தோம். முதல் வரைவில் மழைக்கு எங்கே ஒதுங்குவது, கொசுவை எப்படிச் சமாளிப்பது, கத்திரி வெயிலில் எவ்வளவு தண்ணீர் குடிப்பது என்றெல்லாம் எழுதியிருந்தோம். ஒரு மேம்பாலத்துக்குக் கீழே அதை வாசித்துக் காட்டினோம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டி கடைசியில் சொன்னார்: "மழையில எங்க ஒதுங்கணும்னு எங்களுக்குத் தெரியாதா சாமி? ஆதார் ஆபீஸ்ல என்ன பேசணும்னு எழுதிக் குடுங்க."

வரைவைக் கிழித்துப் போட்டோம். இங்கே எழுதுவது இரண்டாவது வரைவிலிருந்து. உங்கள் ஊரில் இப்படி ஒன்றைத் தொகுப்பவர்களுக்கும், தெருவில் இருக்கும் ஒருவருக்கு உதவ நினைப்பவர்களுக்கும் பயன்படும்.

சட்டப் பின்னணி சுருக்கமாக. உணவு உரிமை வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம், நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒன்று என்ற கணக்கில் 24 மணி நேரமும் இயங்கும் காப்பகம் வேண்டும் என்றது. 2013இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அதைத் திட்டமாக்கியது: லட்சம் பேருக்கு 100 பேர் தங்கும் இடம், ஆளுக்குக் குறைந்தது 50 சதுர அடி. அதே வழிகாட்டுதலில் யாரும் கவனிக்காத இன்னொரு பகுதியும் உண்டு. தங்குபவருக்கு அடையாள அட்டை, வாக்காளர் அட்டை, ரேஷன், ஓய்வூதியம், வங்கிக் கணக்கு எல்லாம் கிடைக்க வழி செய்வதும் காப்பகத்தின் வேலைதான். பாய் விரிக்க இடம் கொடுத்ததோடு அவர்கள் கடமை முடிந்துவிடாது.

காப்பகம்: படுக்கையைவிடப் பதிவேடு முக்கியம்

சென்னையில் காப்பகங்கள் மாநகராட்சியுடையவை. நடத்துவது பெரும்பாலும் தொண்டு நிறுவனங்கள். மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு அழைத்தால் அருகில் உள்ளதைக் கேட்கலாம். தங்குவதற்கு ஆதார் வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆதார் வாங்கித் தர வேண்டிய இடமே ஆதார் கேட்பது என்ன நியாயம்?

சிக்கல் வேறு இடங்களில் இருக்கிறது. ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி என்றுதான் பெரும்பாலான காப்பகங்கள் இருக்கின்றன. கணவன், மனைவி, வளர்ந்த பையன் என்று ஒரு குடும்பம் போனால் மூன்றாகப் பிரிய வேண்டியிருக்கும். அதனால்தான் பல குடும்பங்கள் பிளாட்பாரத்துக்கே திரும்பிவிடுகின்றன. அப்புறம் "கூப்பிட்டோம், அவங்கதான் வரலை" என்று அறிக்கை எழுதுவார்கள். குடும்பமாகத் தங்கும் காப்பகம் எது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அரசு மருத்துவமனைகளை ஒட்டி இருப்பவை நோயாளியுடன் வந்தவர்களுக்கானவை. பெயர்ப் பலகையைப் பார்த்து அங்கே போனால் வார்டு சீட்டைக் கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள்.

காப்பகம் பிடிக்காமல் போகலாம்; தொழில் செய்யும் இடத்திலிருந்து தூரமாக இருக்கலாம். சரி, அது அவரவர் விருப்பம். ஆனால் தங்குகிற நாட்களில் பதிவேட்டில் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கிளம்பும்போது, இன்ன தேதியிலிருந்து இங்கே தங்கினார் என்று பொறுப்பாளரின் கையெழுத்தும் முத்திரையும் போட்ட கடிதம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கையில் ஒரு காகிதமும் இல்லாதவருக்கு அதுதான் முதல் காகிதம்.

யாராவது வேன் கொண்டுவந்து கூப்பிட்டால் எந்த இடத்துக்கு என்று கேளுங்கள். வீடற்றோர் காப்பகத்துக்கு விருப்பம் இருந்தால்தான் போக வேண்டும். பிச்சை எடுப்பதைத் தடுக்கும் 1945ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது, அதன் கீழ் பிடித்துக்கொண்டு போவது வேறு விஷயம். தெருவில் தூங்குவதும் பிச்சை எடுப்பதும் ஒன்றல்ல. உழைத்துச் சாப்பிடுகிறவர் அதைத் தயங்காமல் சொல்ல வேண்டும்.

ஆதார்: அலைச்சல் தொடங்கும் இடம்

ஆதார் சட்டத்தின் 5ஆம் பிரிவு, நிரந்தரமாக வசிக்க வீடு இல்லாதவர்களுக்கு எண் வழங்க ஆணையம் சிறப்பு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றே சொல்கிறது. சட்டம் இப்படி இருக்க, மையத்தில் கேட்பதென்னவோ கேஸ் ரசீதும் வாடகை ஒப்பந்தமும்தான். அந்தப் பாட்டியுடன் நான் போன ஒரு மையத்தில், "வீட்டு ஓனரைக் கூட்டிட்டு வாங்கம்மா" என்றார் அங்கிருந்தவர். பாட்டி என்னைப் பார்த்தார். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

வழி இருக்கிறது. ஆதார் ஆணையம் வகுத்த சான்றிதழ்ப் படிவம் ஒன்று உண்டு. சட்டமன்ற உறுப்பினர், மாமன்ற உறுப்பினர் (கவுன்சிலர்), தாசில்தார் போன்றோர் அதில் கையெழுத்திடலாம். அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் தலைவரும் கொடுக்கலாம். அது ஒன்றே அடையாளத்துக்கும் முகவரிக்கும் போதும்.

ஆனால் இந்தப் படிவத்துக்காக மூன்று இடம் அலைய விடுவார்கள். தாசில்தார் அலுவலகம் கவுன்சிலரைக் கைகாட்டும், கவுன்சிலர் அலுவலகம் காப்பகத்தைக் கைகாட்டும், காப்பகத்தில் "எங்களுக்கு அதிகாரம் இல்லை" என்பார்கள். என் அனுபவத்தில் கவுன்சிலர்தான் சுலபம். படிவத்தை நீங்களே நிரப்பி, போட்டோ ஒட்டி எடுத்துக்கொண்டு போனால் அவருக்குக் கையெழுத்து போடும் வேலை மட்டும்தான். வெற்றுக் கையோடு போனால் நாளைக்கு வரச் சொல்வார்கள்.

படிவத்தில் கவனிக்க வேண்டியவை: அடித்தல் திருத்தல் கூடாது. கையெழுத்தும் முத்திரையும் போட்டோவின் மேலும் பட வேண்டும். தேதி போட்டிருக்க வேண்டும், அந்தத் தேதியிலிருந்து 3 மாதம்தான் செல்லும். பெயரின் எழுத்துகளை ஒருமுறைக்கு நான்கு முறை சரிபாருங்கள்; இங்கே விழும் தவறு பிற்பாடு வங்கி வரைக்கும் துரத்தும். முகவரிக்குக் காப்பகத்தின் முகவரியை "மேற்பார்வை" (C/O) என்று போடுவது நல்லது. "மேம்பாலம் எதிரில்" என்று எழுதினால் கணினியும் ஏற்காது, தபால்காரரும் தேட மாட்டார்.

இதைவிடப் பெரிய குழி ஒன்று இருக்கிறது. வீடிழந்து வந்தவர்களில் பலர் சொந்த ஊரில் ஏற்கெனவே ஆதார் எடுத்திருப்பார்கள். அட்டை தொலைந்திருக்கும், எண் நினைவிருக்காது. புதிதாக எடுக்கலாம் என்று போய், விரல் ரேகையெல்லாம் கொடுத்து, வாரக்கணக்கில் காத்திருந்தால் "ஏற்கெனவே பதிவு உள்ளது" என்று நிராகரிப்பு வரும். ஏன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதனால் முதல் கேள்வியாக, எப்போதாவது, எங்கேயாவது கண்ணையும் விரலையும் இயந்திரத்தில் வைத்ததுண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால் புதிய பதிவு வேண்டாம். ஆதார் மையத்தில் ரேகை வைத்துப் பழைய எண்ணைக் கண்டுபிடித்து அச்செடுக்கச் சிறு கட்டணம்தான். புதிய பதிவாக இருந்தால் கட்டணமே கிடையாது. ஐந்நூறு கொடு, ஆயிரம் கொடு என்று வாசலில் நிற்பவர்களிடம் பேச்சே வைத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது செல்பேசி எண். ஓடிபி வராமல் இன்று ஒரு வேலையும் நடப்பதில்லை. தெருவில் தூங்குபவரின் போன் திருடு போவது வாடிக்கை. எண்ணை மூன்று மாதத்துக்கு மேல் பயன்படுத்தாமல் விட்டால் அது ரத்தாகி வேறு யாருக்கோ போய்விடும். அதன் பிறகு உங்கள் ஓடிபி அவருக்குத்தான் போகும். போன் தொலைந்தால் முதலில் அதே எண்ணில் சிம் வாங்கப் பாருங்கள். முடியாவிட்டால் ஆதார் மையத்தில் புதிய எண்ணை இணைக்கலாம், அதற்கு எந்த ஆவணமும் தேவையில்லை, ரேகை போதும். புரோக்கரின் எண்ணை, உதவி செய்தவர் எண்ணை, ஏன் என்னைப் போன்றவர்கள் எண்ணைக்கூட இணைக்காதீர்கள்.

வாக்காளர் அட்டையில் மட்டும் விதி கொஞ்சம் மனிதத்தன்மையோடு இருக்கிறது. படிவம் 6இல் தூங்கும் இடத்தை எழுதிக் கொடுத்தால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் அங்கே வந்து, அவர் அங்கேதான் தூங்குகிறாரா என்று ஒரு நாளுக்கு மேல் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். உறுதியானால் முகவரிச் சான்று கேட்கக்கூடாது. அரசு ஊழியர் இரவில் நம்மைத் தேடிவர வேண்டும் என்று இருக்கும் வேறு விதி எதையும் நான் பார்த்ததில்லை. இரவு வேலைக்குப் போகிறவர் எந்த நேரத்தில் இருப்பார் என்பதை மனுவிலேயே எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் "ஆள் இல்லை" என்று முடித்துவிடுவார்கள். விவரத்துக்கு 1950 எண்ணுக்கு அழையுங்கள்.

ரேஷன் அட்டைக்கு நான் யாருக்கும் எளிதான நம்பிக்கை கொடுப்பதில்லை. வீடு, தனிச் சமையல் என்று பார்க்கும் விதிக்குள் பிளாட்பாரம் அடங்காது. காப்பகக் கடிதத்தோடு மனு கொடுக்கலாம், ஆனால் நாளாகும். ஊரில் மகன் அட்டையில் பெயர் இருந்தால் அதை நீக்காமல் இங்கே புதிது கிடைக்காது. அவசரப்பட்டு நீக்கவும் வேண்டாம், இரண்டும் இல்லாமல் நடுவில் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 2020 அக்டோபரிலிருந்து ஒரே நாடு ஒரே ரேஷன் தமிழ்நாட்டிலும் இருப்பதால், வேறு ஊர் அட்டை உள்ளவர் அது செல்லாது என்று தூக்கிப்போட வேண்டியதில்லை. கட்டட வேலை செய்து ரேகை தேய்ந்தவர்கள் கருவிழிக் கருவி உள்ள கடையைக் கேட்டுப் பாருங்கள். புகாருக்கு 1967 எண்ணுக்கு அழையுங்கள். அதுவரை வயிற்றுக்கு என்றால் அம்மா உணவகம் இருக்கிறது. அங்கே அட்டை கேட்பதில்லை.

மருத்துவமனை, போலீஸ், மாநகராட்சி லாரி

உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவருக்கு அரசு மருத்துவமனை சிகிச்சை மறுப்பது வாழும் உரிமையை மீறுவது என்று 1996இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நடைமுறையில் திருப்பி அனுப்பும் வார்த்தை வேறு: "கூட ஆள் இருக்கா?" கூட ஆள் இல்லாதது நோயாளியின் குற்றமல்ல. காப்பகத்திலிருந்தோ தெரிந்த அமைப்பிலிருந்தோ ஒருவரைப் போனில் பேச வைத்தால் பாதிச் சிக்கல் தீரும். காப்பீட்டு அட்டை கேட்பார்கள்; மருத்துவமனைக்குக் காப்பீட்டுப் பணம் வரும் என்பதால் கேட்கிறார்கள். அது இல்லை என்பதற்காக அரசு மருத்துவமனையில் வைத்தியம் நிற்கக்கூடாது. வெளிநோயாளிச் சீட்டை எறியாதீர்கள். பெயரும் தேதியும் போட்ட காகிதம் எதுவும் வீண் போகாது.

போலீஸ் எழுப்பினால் அந்த இரவில் வாக்குவாதம் வேண்டாம், எழுந்து இடம் மாறுங்கள். ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனால் மட்டும் இரண்டு விஷயம்: வெற்றுத்தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கக்கூடாது. "பெட்டி கேஸ்தான், ஒத்துக்கிட்டா ஃபைன் கட்டிட்டுப் போயிடலாம்" என்பதற்கு உடனே தலையாட்டக்கூடாது. அன்றைக்குச் சீக்கிரம் வெளியே வரலாம், ஆனால் பெயர் பதிவாகி, அடுத்த முறை ஆள் தேடும்போது முதலில் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். காவலில் இருப்பவருக்கு இலவச வக்கீல் உரிமை உண்டு, எண் 15100.

மனநலம் பாதிக்கப்பட்டுத் திரிபவரை லாக்கப்பில் வைக்கவே கூடாது. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 100ஆம் பிரிவு. ஸ்டேஷனில் அந்தப் பிரிவு எண்ணைச் சொல்லிப் பேசுங்கள், குரல் மாறுவது தெரியும்.

சாலையைச் சுத்தம் செய்ய லாரி வரும் நாளில் மூட்டையோடு ஆவணங்களும் போய்விடும். அசல் ஆவணங்கள் மூட்டையில் இருக்கக்கூடாது. ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் உடம்போடு இருக்க வேண்டும். நகல் ஒன்று காப்பகத்தில், ஒன்று நம்பிக்கையான டீக்கடையில். தொலைந்துவிட்டால் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே ஆவணம் தொலைந்ததற்கான அறிக்கை எடுக்கலாம், ஸ்டேஷன் படி ஏறத் தேவையில்லை.

எந்தக் கவுன்டரில் மறுத்தாலும் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "முடியாதுன்னா, எழுதிக் குடுங்க சார்." எழுதிக் கொடுத்தவரை நான் இதுவரை பார்த்ததில்லை, ஆனால் அதைக் கேட்டதும் மேலதிகாரியிடம் எழுந்து போனவர்கள் உண்டு. அதற்கும் அசையாவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். மனு எண் போட்ட ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வரக்கூடாது. மனு எண் இருந்தால்தான் முதல்வரின் உதவி மையமான 1100இல் கேட்க முடியும்.

எங்கள் கையேட்டின் முதல் பக்கத்தில் இப்போது "முடியாதுன்னா, எழுதிக் குடுங்க சார்" என்ற அந்த ஒரு வரிதான் பெரிய எழுத்தில் இருக்கிறது. படிக்கத் தெரியாதவர் யாரிடமாவது காட்டிக் கேட்பதற்காக, எண்களை எல்லாம் பின்னட்டையில் படத்தோடு போட்டோம்: ஆம்புலன்ஸ் 108, குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, முதியோருக்கு 14567, வெள்ளம் புயலுக்கு 1070. அச்சிட்ட மாதத்தையும் போட்டிருக்கிறோம், விதிகள் மாறும். பின்னட்டைக்கு முந்தைய பக்கம் காலியாக இருக்கிறது. கவுன்சிலர் எந்தெந்த நாளில் அலுவலகத்தில் இருப்பார், காப்பகப் பொறுப்பாளர் போன் எண் என்ன என்பதை அந்தந்தப் பகுதியில் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும். பாட்டியின் பிரதியில் நான் எழுதிக் கொடுத்தேன். பேனா மையில் எழுதாதே, நனைந்தால் அழியும், பென்சிலில் எழுது என்றார்.