ஐஸ் பேக்கைக் குலுக்கினால் ஏன் சத்தம் கேட்க வேண்டும்?

"தடுப்பூசி மருந்தைக் குளிரில்தானே வைக்கிறார்கள்? ஃப்ரீசரிலேயே வைத்தால் இன்னும் பத்திரமாக இருக்குமே?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். குழந்தைக்கு ஆறாவது வார ஊசி போடப் போன இடத்தில், செவிலியர் ஐஸ் பேக்குகளை மேசைமேல் பரப்பி வைத்து, அவை வியர்க்கும்வரை காத்திருந்தாராம். அப்புறம் ஒவ்வொன்றையும் காதருகே குலுக்கிப் பார்த்துத்தான் மருந்துப் பெட்டிக்குள் வைத்தாராம். கொளுத்தும் வெயிலில் ஐஸை ஏன் உருகவிட வேண்டும் என்பது அவர் சந்தேகம்.

தடுப்பூசி என்ன செய்கிறது என்பது பள்ளியில் படித்ததுதான். கிருமியின் அடையாளத்தை உடலுக்கு முன்கூட்டியே காட்டிவைக்கிறது. நிஜக் கிருமி வரும்போது உடல் தயாராக இருக்கிறது. சரி, குப்பிக்குள் போவோம்.

அந்த ஆறாவது வார ஊசி, தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ் உட்பட ஐந்து நோய்களுக்கானது. இதில் அடையாளப் புரதங்கள் அலுமினிய உப்பின் நுண்துகள்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். குப்பியைக் குலுக்கினால் நீர்மோர் போலக் கலங்கலாகத் தெரிவது அந்தத் துகள்கள்தான். வெறும் புரதத்தை நம் எதிர்ப்பணுக்கள் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. துகளோடு போனால் விழுந்தடித்து ஓடி வருகின்றன. 1926இல் இங்கிலாந்தில் கிளென்னி என்பவரும் அவருடைய குழுவினரும் தொண்டை அடைப்பான் மருந்தில் படிகாரம் சேர்த்துப் பார்த்துக் கண்டறிந்தது இது. ஆமாம், சவரம் செய்தபின் முகத்தில் தடவுவார்களே, அதே படிகாரம். இந்த மருந்தைத் தொடைத் தசையில் ஆழமாகப் போடுவதும் அலுமினியத்தால்தான். தோலுக்கடியில் தங்கினால் உறுத்தி, கட்டி விழும்.

இந்த மருந்து உறைந்தால் என்ன ஆகும்? பனிப்படிகம் வளரும்போது தண்ணீரை மட்டும் சேர்த்துக்கொண்டு மற்றதையெல்லாம் ஒதுக்கித் தள்ளும். அலுமினியத் துகள்கள் இடுக்கில் நெருக்கப்பட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பனி உருகினாலும் அவை பிரிவதில்லை. திரிந்த பால் மறுபடி பாலாகுமா? மருந்தின் வீரியம் குறைந்துவிடுகிறது. போட்டுக்கொண்ட குழந்தைக்கோ பெற்றோருக்கோ அது தெரியவே தெரியாது. அதனால்தான் 2 முதல் 8 டிகிரி என்று எல்லை வைத்திருக்கிறார்கள். போலியோ சொட்டு மருந்தை ஃப்ரீசரில் வைக்கலாம், இதை வைக்கக் கூடாது.

டீப் ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக் கிட்டத்தட்ட மைனஸ் 20 டிகிரியில் இருக்கும். அதன்மேல் குப்பி சாய்ந்தால் மருந்து உறைந்துவிடும். அதே பேக்கை வெளியே வைத்தால் மெல்ல மெல்ல 0 டிகிரிக்கு ஏறி உருகத் தொடங்கும். உருகத் தொடங்கியதும், கடைசித் துணுக்கு ஐஸ் கரையும்வரை 0 டிகிரியிலேயே நிற்கும். வருகிற வெப்பமெல்லாம் ஐஸை நீராக்குவதிலேயே செலவாகிவிடும். மருந்திலோ உப்புகள் கரைந்திருக்கின்றன. அது உறைய 0-க்குச் சற்றுக் கீழே போக வேண்டும். ஆகவே உள்ளே நீரும் ஐஸும் சேர்ந்திருக்கும் பேக்கால் மருந்தை உறைய வைக்கவே முடியாது! குலுக்கும்போது கேட்கும் தண்ணீர்ச் சத்தம்தான் அதற்குச் சாட்சி. வெப்பமானி தேவையில்லை, காது போதும். பேக்கில் உப்புக் கலக்காத வெறும் தண்ணீரை ஊற்றச் சொல்வதும் இதற்காகத்தான். எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

புதிய தடுப்பூசி ஆராய்ச்சிக்குக் கிடைக்கும் பணமும் புகழும் இந்தப் பெட்டிகளுக்குக் கிடைப்பதில்லை என்பது என் வருத்தம். அவசரத்தில் நேராக எடுத்துவைத்த ஐஸ் பேக்கும் மருந்தை உறைய வைக்காதபடி உள்தடுப்புள்ள பெட்டிகள் வந்துவிட்டன. ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்துக்கும் அவற்றை வாங்கிக் கொடுக்க வேண்டும்.

குப்பியின் லேபிளில் வட்டத்துக்குள் ஒரு வெளிர்ச் சதுரம் உண்டு. சூடு பட்டால் கருத்துக்கொண்டே வந்து, வட்டத்தின் நிறத்தை எட்டினால் மருந்தைத் தூக்கிப்போட வேண்டும் என்று பொருள். ஆனால் அது உறைந்ததைக் காட்டாது. உறைந்ததோ என்று சந்தேகம் வந்தால், அதே தொகுப்பைச் சேர்ந்த இன்னொரு குப்பியை வேண்டுமென்றே உறையவைத்து உருக்கி, இரண்டையும் சேர்த்துக் குலுக்கி, அருகருகே நிறுத்துவார்கள். உறையவைத்த குப்பியில் கட்டி கட்டியாக அடியில் இறங்கி, மேலே நீர் தெளிந்துவிடும். சந்தேகக் குப்பியும் அதே வேகத்தில் தெளிந்தால் அது யாருக்கும் போடப்படாது.